சுண்டெலிகளின் அலுவலக நேரம்

உயிர்கள் அனைத்துக்கும் ஓய்வு உரியது என்றும், அந்த ஓய்வின் ஆழத்தை அளந்து மானுடத்துக்கு அளிக்கவே இந்நிலையம் எழுந்தது என்றும் உறக்க ஆய்வு நிலையத்தின் வாசலில் கருங்கல்லில் பொறித்திருந்தார்கள். அதற்குக் கீழே, கொஞ்சம் புதிய எழுத்தில், 'இங்கே உட்காரவோ சாயவோ கூடாது' என்று இருந்தது.

நடைமுறையில் இருந்தது கீழ்வரிதான்.

நிலையத்தின் மேல்மாடியில், கடைசி அறையில், ஒரு நரம்பியல் ஆய்வாளர் இருந்தார். சுண்டெலிகளை வைத்து ஆய்வு செய்ததால் அவருக்கு எலியம்மா என்று பெயர் விழுந்திருந்தது. முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். முதுகைத் திருப்பியதும் எலியம்மா. அவசரத்தில் சில சமயம் இடம் மாறிவிடும். அவரும் "என்ன?" என்று திரும்பிவிடுவார்.

அவருடைய வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அவரை விட்டால் சுருக்கமாகச் சொல்லமாட்டார் என்பதால் நாமே சொல்லிவிடுவது நல்லது. சுண்டெலியின் மூளையில், அடியாழத்தில், இரண்டு செல்கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று விழிக்கவைப்பது, மற்றது தூங்கவைப்பது. ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பேசுவது கிடையாது. அந்த ஒரு விஷயத்தில்தான் அவை ஓரகத்திகளிலிருந்து வேறுபடுகின்றன என்று எலியம்மா பாடம் எடுக்கும்போது சொல்வதுண்டு. தலைமுடியளவு கண்ணாடி இழையை உள்ளே செலுத்தி விழிப்புக் கூட்டத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சினால், தூங்கும் எலி எழுந்து உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொள்ளும். இதுவரைக்கும் அவர் செய்து காட்டியாகிவிட்டது. மீதி இருந்தது ஒரே கேள்வி. ஒளியெல்லாம் இல்லாமல், எலி தானாகவே தூங்கும்போது முதலில் நடப்பது எது? தூக்கக் கூட்டம் பேச ஆரம்பிப்பதால் விழிப்பு அடங்குகிறதா? இல்லை, விழிப்புக் கூட்டம் தானே ஓய்ந்துபோய், காலியான இடத்தில் தூக்கம் வந்து உட்காருகிறதா?

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இருந்ததே போதும். எலி மட்டும் யாரும் தொந்தரவு செய்யாமல் நிம்மதியாகத் தூங்க வேண்டும். உறக்க ஆய்வு நிலையத்தில் அதுதான் கஷ்டம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

தொல்லை தணிக்கையில் ஆரம்பித்தது. வெளியிலிருந்து வந்த தணிக்கை அதிகாரி நாற்காலிகளையும் மின்விசிறிகளையும் எண்ணி முடித்துவிட்டு, காலைத் தேநீருக்குப் பிறகு எலி அறைக்கு வந்தார். கூண்டு கூண்டாகக் குனிந்து பார்த்தார். எல்லாம் பஞ்சுக்குள் சுருண்டு கிடந்தன.

"என்னம்மா, எல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சா?"

"இல்ல சார். தூங்குதுங்க."

"இந்நேரத்துலயா?"

தணிக்கை அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். அடுத்த வாரம் ஆட்சேபணை வந்தது: நிலையத்தின் செலவில் உணவருந்தும் உயிரினங்கள் அனைத்தும் அலுவலக நேரத்தில் உறங்கக் காணப்பட்டன, பொறுப்பாளரிடம் விளக்கம் பெறப்பட வேண்டும்.

நிர்வாக அதிகாரி எலியம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசாதவர். விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அது பேசுவதுபோல் பேசுவார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தூங்குறது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. நம்ம நிலையமே அதுக்குத்தானே இருக்கு? ஆனா எப்போ தூங்குறதுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சார், சுண்டெலி பகல்லதான் தூங்கும். ராத்திரிதான் முழிச்சிருக்கும். அதோட இயல்பு அது."

"அது அதோட வீட்டுல. இங்க சேர்ந்தப்புறம் நம்ம விதிதானே பொருந்தும்?"

"அதுங்க வேலைக்குச் சேரல சார்."

"சாப்பாடு நம்மதுதானே?"

 வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எலியம்மா கேட்டதில்லை.

"சரி, ராத்திரி முழிச்சிருக்குன்னு சொல்றீங்க. யாரு பார்த்தா?"

"கேமரால பதிவாகுது சார்."

"கேமரா அதிகாரி இல்லையே மேடம்."

ஆனாலும் வழி பிறந்தது. பகலில் தூங்குவதற்கு விலக்கு அளிக்க விதியில் இடமிருந்தது. அந்த எலிகள் உண்மையிலேயே தூங்குகின்றன என்று பொறுப்புள்ள ஒரு குழு சான்று தர வேண்டும், அவ்வளவுதான். அன்று மாலையே உறக்க உறுதிப்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. தூங்குகிற உயிரும் சும்மா கண்ணை மூடியிருக்கிற உயிரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதை அதன் தலைவர் முதல் கூட்டத்திலேயே கவனப்படுத்தினார். அலுவலக அனுபவத்தில் சொன்னார். எனவே எழுப்பிப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை என்று ஒருமனதாக முடிவானது.

குழு நாள்தோறும் வந்தது. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கூண்டுகளைப் பேனாவால் தட்டியது. எலிகள் எழுந்து நின்றன. 'பார்வையிட்டபோது இருந்த நிலை' என்ற கட்டத்தில் 'விழித்திருந்தது' என்று எழுதிக்கொண்டது.

கூண்டுகளைக் கவனித்துவந்த பராமரிப்பாளரை எலியம்மா அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒருநாள் எலிகளுக்குப் பஞ்சு மாற்றிக்கொண்டே சொன்னார்:

"நல்லவேளை மேடம், இவங்க ஆஸ்பத்திரில இல்ல."

"ஏன்ணே?"

"உசுரு இருக்கான்னு எப்படிப் பார்ப்பாங்களோ."

மாத முடிவில் குழுவின் அறிக்கை வந்தது. ஒரு எலிகூடத் தூங்கக் காணப்படவில்லை. ஆகவே பொறுப்பாளர் தவறான தகவல் அளித்திருக்கிறார். இதற்கிடையில் தணிக்கை ஆட்சேபணையும் தீராமல் நிலுவையில் இருந்தது. அலுவலக நேரத்தில் எலிகள் தூங்கியதற்கு ஒரு விளக்கமும், தூங்காததற்கு ஒரு விளக்கமும் எலியம்மா தர வேண்டும் என்று நிர்வாக அதிகாரி வருத்தத்தோடு சொன்னார்.

"ரெண்டையும் ஒரே கடிதத்துல எழுதலாமா சார்?"

"வேணாம் மேடம். முரணா இருக்கும்."

எலியம்மா தன் பதிவுகளைப் பார்த்தார். கண் சொருகும் நேரமாகப் பார்த்துத்தான் குழு வந்திருந்தது. எலி தூக்கத்துக்குள் நழுவும் அந்தச் சில நொடிகள் முழுசாக ஒன்றுகூட அகப்படவில்லை. நிலையத்தைப் பார்வையிட வருகிறவர்களை அழைத்துவரும்போதெல்லாம், 'இதோ பாருங்கள், தூங்குகிறது' என்று இயக்குநர் கண்ணாடியைத் தட்டிக் காட்டுவதும் வழக்கம். பார்வையாளர்கள் ஓடும் எலியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இயக்குநருக்கு அந்த அறையின் மேல் ஒரு கண் இருந்தது. அவர் பெற்ற கேடயங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் இடம் கொள்ளாமல் படிக்கட்டு வரை வந்துவிட்டன. ஒரு காட்சிக்கூடம் தேவைப்பட்டது. நல்ல வெளிச்சம், ஒதுக்குப்புறம், ஏற்கெனவே கண்ணாடிப் பெட்டிகள் வைத்த மேசைகள். எலியம்மாவை அழைத்து அன்பாகவே சொன்னார்.

"நான் ஆராய்ச்சிக்கு எதிரி இல்லம்மா. வருஷாந்தர மதிப்பீடு வரைக்கும் பாருங்க. ஏதாவது கண்டுபிடிச்சா அறை உங்களுக்கு. இல்லேன்னா எலிகளை நல்ல இடமாப் பார்த்து அனுப்பிடலாம்."

நல்ல இடம் எது என்று எலியம்மா கேட்கவில்லை. மருந்து சோதிக்கும் இடங்களை அவருக்குத் தெரியும்.

திருப்பம் நிலையத்தின் நிறுவன நாளன்று நேர்ந்தது. அன்று இயக்குநர் உரை. அவர் உரையாற்றும்போது எல்லோரும் அரங்கில் இருக்க வேண்டும். வராதவர்களுக்கு அரைநாள் விடுப்பு கழியும். தொலைபேசி எடுப்பவர் அரங்கில். லிஃப்ட் இயக்குபவர் அரங்கில். தண்ணீர் மோட்டார் போடுகிறவரும் அரங்கில் இருந்ததால் குழாயில்கூடச் சத்தம் வராது. உறுதிப்பாட்டுக் குழு மூன்றாம் வரிசையில் இருந்தது.

"நான் தூக்கத்தை ஆராய்ந்தவன் அல்லன்," என்று இயக்குநர் தொடங்கினார். "தூக்கத்தை ஆராய்கிறவர்களை ஆராய்ந்தவன். சிறுவயதிலேயே எங்கள் வீட்டில் எல்லோரும் கண் அயர்ந்த பிறகும் நான் விழித்திருப்பேன். மதிய நேரத்தில் யார் யார் தூங்கினார்கள் என்று கவனித்து, அப்பா வேலையிலிருந்து வந்ததும் சொல்லிவிடுவேன். என் அண்ணன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆனால் இந்தப் பதவிக்கான தகுதி அன்றே என்னிடம் இருந்தது என்பதை நீங்கள் உணர வேண்டும்." இந்த இடத்தில் மேசையை ஓங்கித் தட்டினார். கைதட்ட வேண்டிய இடம் என்பதற்கு அது அடையாளம். எல்லோரும் தட்டினார்கள்.

உரை முடிந்ததும் கேள்வி நேரம். முதல் கேள்வியை இயக்குநர் அலுவலகமே ஒரு சீட்டில் எழுதி, மைக்கோடு சேர்த்து முன்வரிசையில் ஒருவர் கையில் முன்கூட்டியே கொடுத்துவிடும். இரண்டாவது கேள்வி என்று ஒன்று இதுவரை வந்ததில்லை.

அன்று மாலை பதிவுகளைப் பார்த்த எலியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். உரை நடந்த நேரம் முழுக்க எலிகள் தூங்கியிருந்தன. நழுவி நழுவித் தூங்கி, தானாக விழித்து, திரும்பவும் தூங்கியிருந்தன. ஒரு கீறல் இல்லாத பதிவு.

மறுநாள் இயக்குநரைப் பார்க்க நேரம் கேட்டார்.

"ஐயா, நேத்து உங்க உரை..."

"எந்தப் பகுதி பிடிச்சுது?"

"எல்லாமே ஐயா. ஆனா ஒரு குறை."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீளம் போதல ஐயா."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு எலியம்மாவை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இந்த நிலையத்துல இப்பதாம்மா எங்கிட்ட ஒருத்தர் மனசுவிட்டுப் பேசுறீங்க," என்றார். 

'உறக்கமும் நானும்' என்ற வாராந்திர உரைத்தொடர் இப்படித்தான் தொடங்கியது. யோசனை யாருடையது என்பதை இயக்குநர் முதல் உரையிலேயே நன்றியோடு குறிப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து உணவுக்கூடத்தில் எலியம்மாவின் மேசைக்கு யாரும் வருவதில்லை. பராமரிப்பாளர் மட்டும் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? எலி தூங்குறதுக்கு நாங்க எல்லாரும் போய் உட்காரணுமா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்ணே."

"போன வாரம் அவரு சின்ன வயசுல படுத்த பாயைப் பத்தியே பேசினாரு. இன்னும் தலையணைக்கே வரல."

எலியம்மாவாலும் தப்பிக்க முடியவில்லை. யோசனைக்கு உரியவர் என்பதால் முன்வரிசையில் நடுநாயகமான இருக்கை. மற்றவர்கள் கறுப்புக் கண்ணாடி அணிய ஆரம்பித்தார்கள். எலியம்மாவின் கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அந்த மாதங்களில் கறுப்புக் கண்ணாடி எப்படி இவ்வளவு விற்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. முன்வரிசையில் மட்டும் கறுப்புக் கண்ணாடி மரியாதையில்லை. பகலில் உரை கேட்டு, வீட்டுக்குப் போனபின் பதிவுகளை ஆராய்ந்து, எலியம்மாவுக்குத் தூக்கம் என்பது படிக்கிற விஷயமாக மட்டும் ஆகிவிட்டது.

ஒருநாள் சாப்பிடும்போது கணவர் அவர் கையிலிருந்த கரண்டியை மெதுவாக வாங்கி வைத்தார்.

"பிடிச்சபடியே தூங்குற."

"தூங்கல. யோசிக்கிறேன்."

"ஊருக்கே தூக்கம்னா என்னன்னு சொல்லப்போற. நீ எப்பத்தான் தூங்குவ?"

"எலி தூங்கினதும்."

"அது தூங்கிடுச்சும்மா. இந்த வீட்ல முழிச்சிருக்கிற எலி நீ ஒண்ணுதான்."

உரைத்தொடர் தலையணையைத் தாண்டிப் போர்வைக்கு வந்தபோது விடை கிடைத்துவிட்டது. முதலில் தூக்கக் கூட்டம் பேசுவதில்லை. விழிப்புக் கூட்டம்தான் முதலில் ஓய்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக, கடையடைக்கிற தெருபோல. எல்லாம் அடங்கிய பிறகே மற்றது வாய் திறக்கிறது. எல்லா எலியிலும் அப்படியே இருந்தது. எலியம்மா பதிவுக் கோடுகளை இன்னொரு முறை சரிபார்த்தார். பிறகு பராமரிப்பாளரிடம் சொன்னார். அவர் எலிகளுக்கு அன்று கொஞ்சம் கூடுதலாகச் சூரியகாந்தி விதை போட்டார்.

கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போனது. எலியம்மா நேர்மையானவர். பதிவுகள் அனைத்தும் நிலைய இயக்குநர் உரையாற்றிய வேளைகளில் எடுக்கப்பட்டவை என்று எழுதியிருந்தார். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் அங்கேயே பிடித்துக்கொண்டார். எலிகளைத் தூங்கவைத்தது கட்டடத்தின் அமைதியா, அல்லது அந்த உரையா? உரையை மட்டும் தனியே ஒலிக்கச்செய்து பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

நியாயமான சந்தேகம். அரங்கின் மூன்றாம் வரிசையிலிருந்து கேட்டாலும் அதே சந்தேகம்தான் வந்திருக்கும்.

எலி அறையில் ஒரு ஒலிபெருக்கி வைத்தார்கள். விடுமுறை நாளாகப் பார்த்து, கட்டடம் காலியாக இருக்கும்போது, இயக்குநரின் உரையை ஒலிக்கவிட்டார்கள். ஒப்பிடுவதற்காக வேறொரு நாள் சந்தை இரைச்சலையும் ஒலிக்கவிட்டார்கள். சந்தை இரைச்சலுக்கு எலிகள் கொஞ்ச நேரம் காதை அசைத்துவிட்டு, பழகிப்போய்த் தூங்கிவிட்டன. இயக்குநரின் உரைக்கு ஒரு எலியும் தூங்கவில்லை. கண் சொருகும் ஒவ்வொரு தடவையும் அவர் மேசையைத் தட்டினார். எல்லாம் துள்ளி எழுந்தன. அந்தத் தட்டல் எப்போது வரும் என்று எலியால் ஊகிக்க முடியவில்லை. மனிதர்கள் வாரக்கணக்கில் பழகி, தட்டியதும் கண் விழிக்காமலேயே கைதட்டக் கற்றிருந்தார்கள். எலிகளுக்கு அந்தத் திறமை இல்லை.

கட்டுரை ஏற்கப்பட்டது. எலியம்மா அதை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனபோது அவருக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஒலிபெருக்கி சம்பந்தப்பட்ட பத்தியை இயக்குநர் இரண்டு தடவை படித்தார்.

"அதாவது, என் குரல் எலியைத் தூங்கவிடல."

"ஆமா ஐயா."

"வேற எந்தச் சத்தமும் இதைச் செய்யல."

"நாங்க சோதிச்சது சந்தை இரைச்சல் ஒண்ணுதான் ஐயா."

"ஒரு சந்தையே செய்ய முடியாததை!" என்றார் இயக்குநர். எழுந்து ஜன்னல் வரை நடந்தார். "எனக்கு ஒரு சந்தேகம் இருந்துட்டே இருந்ததும்மா. நான் பேசும்போது சில பேர் கண்ணை மூடிக்கிறாங்களோன்னு. இப்போ அறிவியலே சொல்லிடுச்சு. என் பேச்சைக் கேட்டுத் தூங்க முடியாது."

அறையை எலியம்மாவுக்கே நிரந்தரமாக ஒதுக்கும் ஆணை தயாரானது. மதிப்பீட்டு விழா மேடையில், எல்லோர் முன்னிலையிலும், இயக்குநர் கையாலேயே வழங்கப்படும். குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள், கணவர் கடையை அடைத்துவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். நிர்வாக அதிகாரி எலியம்மாவிடம் வந்து, இரண்டு விளக்கங்களும் இனித் தேவையில்லை என்று சொல்லிக் கைகுலுக்கினார். முதல் கேள்வி கேட்கும் பெருமையும் அவருக்கே என்று சீட்டையும் மைக்கையும் கையில் கொடுத்தார். 'இப்படி ஒரு குரலை ஐயா எவ்வாறு பெற்றீர்கள்?' என்று சீட்டில் இருந்தது.

இயக்குநர் பேச ஆரம்பித்தார். "விழிப்பு என்பது என்ன? அதை நான் சொல்வதைவிட, சுண்டெலிகள் சொல்லிவிட்டன," என்றார். பிறகு அதைத் தானே சொல்ல ஆரம்பித்தார்.

எலியம்மா மைக்கை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாதக்கணக்கில் முதன்முறையாக அவருக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை. அறை இருந்தது. எலிகள் இருந்தன. கட்டடம் முழுக்க இங்கே இருந்ததால், மேல்மாடியில் அவை இந்நேரம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். தன் தலைக்குள் விழிப்புக் கூட்டத்தின் செல்கள் ஒவ்வொன்றாக ஓய்வதை அவர் ஓர் ஆய்வாளருக்குரிய ஆர்வத்தோடு கவனித்தார். கட்டுரையில் எழுதியது சரிதான் என்று நினைத்தார். அதற்குப் பிறகு கவனிக்க ஆள் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில், ஆணை கணவரின் கையில் இருந்தது.

"இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

"கூண்டு பார்த்துக்கிற உங்க அண்ணன் மேடையேறி வாங்கிட்டு வந்து கொடுத்தாரு. உன்னைக் கூப்பிட்டாங்க. நீ வரல."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்ப வந்தேன். எதுக்கு எழுப்பணும்னு தோணுச்சு. அவ்ளோ நல்லாத் தூங்கிட்டிருந்த."

எலியம்மா ஆணையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"குறட்டை விட்டேனா?"

"லேசா."

"பக்கத்துல இருந்தவங்களுக்குக் கேட்டிருக்குமா?"

கணவர் பயணச்சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விழா முழுக்க, அவள் மடியில் இருந்த மைக் ஆனில் இருந்தது.